பெடல் துடைக்க வந்தவள்

நவீன்குமார் விபத்தில் இறந்து எட்டு மாதம் ஆகியும் அவனுடைய பெடல்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. கிட்டார் வாசிக்கும்போது காலால் மிதித்து ஓசையை மாற்றுகிற கையடக்கமான இரும்புப் பெட்டிகள் அவை. கிட்டாரை அவன் தம்பி கொண்டுபோய்விட்டான். பெடல்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் அவை சரண்யாவிடமே தங்கிவிட்டன.

கரிக்கலாம்பாக்கத்தில் நெல் வயலைப் பிரித்துப் போட்ட மனையில் அவர்கள் வீடு. சுற்றிலும் எல்லைக்கல்லும் முள்ளுச்செடியும்தான். நவீன் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமையானால் அவன் கிட்டார் வாசித்த கச்சேரிக் குழு மொத்தமும் வந்து இறங்கும். கருமாதிக்குப் பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்து என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியாதுதானே என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மருந்துக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. மாத்திரைப் பெயர்களைத் தவிர வேறு வார்த்தை பேசாமலே சில நாட்கள் முடிந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டும்போது துடைப்பம் பெடலில் இடித்தது. வெளியே இழுத்துப் பார்த்தாள். திருகு குமிழ்களைச் சுற்றித் தூசி அடை கட்டியிருந்தது. அடிப்பக்கத்தில் வெல்க்ரோ பட்டை ஒட்டிய பசை, முடியும் மண்ணும் சேர்ந்து கறுத்திருந்தது. பசை போவதற்காக நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள். பசை போனது. கூடவே மஞ்சள் பெயிண்டும், அதன் மேலிருந்த எழுத்துகளும் பஞ்சோடு வந்துவிட்டன. பஞ்சைக் கீழே போட மனம் வராமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு இர்பானுக்குப் போன் செய்தாள். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன்; நவீனுக்கு நெருங்கிய சிநேகிதன்.

"அண்ணி! இன்னா ஆச்சு?" அவன் குரலில் பயம் இருந்தது.

"ஒண்ணும் ஆவுல தம்பி. அவரு பெடல்ல பெயிண்ட் போயிடுச்சு."

வில்லியனூரிலிருந்து பைக்கில் உடனே வந்துவிட்டான். பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரிமூவர் ஆவவே ஆவாது அண்ணி. அண்ணன் நீலகிரித் தைலந்தான் வைப்பாரு."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பேட்டரியைக் கழற்றினான். காய்ந்த பெயிண்ட் பிரஷால் குமிழ் இடுக்குகளைத் தட்டினான். துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, ஒயர் சொருகும் துளைகள் பக்கம் போகாமல் துடைத்தான். மீதிப் பசையில் அவள் தைலம் தொட்டு வைத்தாள். வீடெல்லாம் அந்த மணம்.

"வாசிச்சுக் காட்டுறியா?" என்று கேட்டாள்.

"நான் டிரம்ஸு அண்ணி. எனக்கு இத மிதிக்க மட்டுந்தான் தெரியும்." காலால் மிதித்தான். டிக் என்றது, அவ்வளவுதான். இருவருக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

கிளம்பும்போது வாசலில் தயங்கினான். "கலைவேந்தன்னு புதுசா ஒருத்தன் கிட்டார் வாசிக்கிறான். நல்ல பெடல் இல்ல அவன்கிட்ட. சும்மா கிடக்கிறதுக்கு..."

"எடுத்துனு போ. ஆனா கச்சேரி முடிஞ்சா இங்க கொண்டாந்துடணும். நான்தான் தொடைப்பேன்."

இர்பான் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

முதல் இரண்டு தடவை கொண்டுவந்தான். அவள் துடைக்கத் துடைக்க, மேடையில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே டீ குடித்தான். மூன்றாம் தடவை போன்தான் வந்தது. "கலைவேந்தனே தொடச்சிட்டான் அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சரி தம்பி" என்றாள். அவனுக்காக வாங்கிய பால் பாக்கெட்டை மறுநாளும் அவளே காய்ச்சிக் குடித்தாள். அடுத்த கச்சேரிகளுக்குப் போனும் வரவில்லை.

அரியூரில் ஒரு காதுகுத்துக்கு வாசிக்கிறார்கள் என்பதை இர்பானின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்தாள். யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கிட்டாரோடு நின்ற கலைவேந்தன் ஒல்லியாக இருந்தான்; கண்ணாடி போட்டிருந்தான். அவன் பெடலை மிதித்தபோது ஸ்வரம் ஒன்று நீண்டு, தனக்குத்தானே பதில் சொல்வதுபோலத் திரும்பத் திரும்ப ஒலித்து அடங்கியது. சமையலறையில் இருந்தபடி சுவர் வழியாக அவள் எத்தனையோ மாலைகளில் கேட்ட ஓசை. எட்டிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. இப்போது எக்கி அவன் காலைப் பார்த்தாள்.

கச்சேரி முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது, மேடையில் ஓடிய ஒரு குழந்தை கையிலிருந்த ரோஸ் மில்க் பெடல்கள் மேல் கொட்டியது. கலைவேந்தன் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

"தண்ணி ஊத்தாதீங்க!" நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சரண்யா ஓடினாள். "முதல்ல கரண்ட எடுங்க. ஒயரக் கழட்டுங்க."

சொன்னபடி செய்துவிட்டு அவன் கேட்டான்: "நீங்க யாரு?"

நவீனின் பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. "இதத் தொடைக்கிறவ" என்றாள்.

கைப்பையிலிருந்த துணியால் பாலை ஒற்றி எடுத்தாள். பிறகு ஈரம் பிழிந்த துணி, பிறகு காய்ந்த துணி. இர்பான் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி..." என்று மட்டும் சொன்னான். அவள் நிமிரவில்லை. குழுவில் மற்றவர்கள் அவள் பக்கத்தில் நின்று ஒயர்களைச் சுருட்டினார்கள்.

கடைசிப் பந்தியில் அவர்களோடு உட்கார்ந்தாள். அவர்கள் தங்களுக்குள் கச்சேரி பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவளிடம் என்ன பேசுவதென்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. யாரோ அவள் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தார்கள்.

பஸ் நிறுத்தம் வரை இர்பான் கூட நடந்தான். "அடுத்தது பாகூர்ல. வேனு உங்க ஊர் மேலதான் போவும்."

"எடம் இருக்குமா?"

"நெருக்கி உக்காந்துக்கலாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். இறங்கி, ஆளில்லாத மனைகளுக்கு நடுவே நடந்து, கதவைத் திறந்தாள். காலையில் அவிழ்த்துப் போட்ட புடவை கட்டில்மேல் அப்படியே கிடந்தது. அதை மடித்து வைத்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, பாகூருக்கு எதைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்துப் பார்த்தாள்.