ஆரெகனிலிருந்து வந்த திசைகாட்டி

என் கணவர் வின்ஃபீல்ட் மான் வேட்டைக்குப் போனால் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அன்று இரண்டாகியும் வரவில்லை. நவம்பர் மாதம் மேய்ன் காட்டில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அவருக்கு வயது எழுபத்தொன்று. காட்டுச் சாலை முடியும் இடத்தில் அவருடைய டிரக் மட்டும் நின்றது.

வனக்காவலர் ரோலண்ட் டிரக்கின் பானெட்டில் வரைபடத்தை விரித்தார். ஓடையை ஒட்டி மேற்கே குளம்வரை போய், அங்கிருந்து திசைகாட்டியை நம்பி நேர் கிழக்கே நடந்து திரும்புவது வின்ஃபீல்டின் பழக்கம். அந்த வழியில் ஆள் அனுப்பிப் பார்த்தாகிவிட்டது. அவருக்கு மறதி ஏதும் உண்டா என்று ரோலண்ட் மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் மாமனார் கடைசிக் காலத்தில் தன் வீட்டு வாசலையே தேடியவர். தனக்கும் அதுதான் என்று வின்ஃபீல்ட் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தார்.

எந்தத் திசைகாட்டி கொண்டுபோனார் என்று அடுத்துக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. பழையது உடைந்துவிட்டதால், நாட்டின் மறுகோடியில் ஆரெகனில் இருக்கும் என் தம்பி இங்கே வந்தபோது விட்டுப்போனதைக் காலையில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான் கொடுப்பதைச் சரிபார்த்து வாங்குகிற ஆளில்லை அவர். முள் காட்டும் வடக்கு அசல் வடக்கு இல்லை. தம்பி ஊரில் பதினைந்து டிகிரி கிழக்கே தள்ளியிருக்கும், எங்களுக்குப் பதினாறு டிகிரி மேற்கே. அதைச் சரிக்கட்ட ஒரு குட்டித் திருகு உண்டு. தம்பி தன் ஊருக்குத் திருகி வைத்திருந்ததை நான் மாற்றவில்லை.

இரண்டையும் கூட்டி, வரைபடத்தில் குளத்திலிருந்து நேர் கிழக்குக்கு முப்பத்தொரு டிகிரி இடப்பக்கம் தள்ளிக் கோடு போட்டேன். அது வடகிழக்கே ஒரு சதுப்பில் போய் முட்டியது.

ரோலண்டும் நானும் முக்கால் மணி நேரம் நடந்தபின் சதுப்பின் கரையில் அவருடைய ஆரஞ்சு வேட்டைச் சட்டை தெரிந்தது. விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கட்டிக்கொண்டு அழத் தோன்றியது. வாயில் திட்டுத்தான் வந்தது. அவர் திருப்பித் திட்டாதது என்னைப் பயமுறுத்தியது.

"முள்ளு சொன்னபடிதான் நடந்தேன், மேவிஸ். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

"ஒரு மண்ணும் வரல. காம்பஸ் என் தம்பி ஊருக்குத் திருகியிருக்கு. பாக்காம எடுத்துக் குடுத்தது நான்."

அவர் திருகைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அப்ப தப்பு உன்னுது?"

"என்னுதுதான்."

"ரோலண்ட் காதுல விழற மாதிரி சொல்லு."

சொன்னேன். நாற்பத்தாறு வருடத்தில் ஒரு சண்டையிலும் அவரிடம் தோற்காதவள், டிரக் வரும்வரை அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.