கானமயிலின் முதுகு

பிச்சைமணி மாமா கேமராவைக் கையில் எடுத்தால் முதலில் வேட்டி நுனியால் லென்ஸைத் துடைப்பார். மட்டாஞ்சேரியில் அது நல்ல பழக்கம்தான். காயல் தண்ணீரின் ஈரக்காற்றுக்குப் பெட்டியைத் திறந்த உடனே கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். கல்யாண வீடுகளில் அவர் துடைப்பதும் படம் எடுப்பதும் ஒரே கையசைவு போல இருக்கும்.

மாமா என் அம்மாவின் தம்பி. அனந்தநாராயணன் முதலாளியின் ஸ்டுடியோவில் பத்து வருடமாக டார்க்ரூம் வேலை. முதலாளிக்கு மூச்சிரைப்பு வந்தால் மட்டும் கல்யாணத்துக்கு அனுப்புவார்.

நான் ஹீர்ஜி சேட்டு வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அடுக்களையில் யாரும் வாசிக்கச் சொல்வதில்லை.

சேட்டு மிளகு வியாபாரி. குஜராத்திக்காரர்தான், ஆனால் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்கள். பறவைகளைப் படம் பிடித்து ஆல்பத்தில் ஒட்டுவது அவருக்குப் பிராணன். ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது. அது கானமயிலுக்கு, புல்வெளியில் நடமாடும் அந்தப் பெரிய, அரிய பறவைக்கு. ராஜஸ்தானில் பாலைவனத்தையே தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள், அங்கே அது இருக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டபோது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. சாயா கிளாஸையே இரண்டு கையால்தான் பிடிப்பார். அதனால் மாமாவையும் ஸ்டுடியோவின் நீள லென்ஸையும் இரவல் கேட்டார்.

முதலாளி சேட்டுக்காக ஒப்புக்கொண்டார். மாமாவிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "பிச்சமணி, படம் நல்லா வந்தா இனி கல்யாணத்துக்கெல்லாம் நீயே போ. லென்ஸ்ல ஒரு கீறல் விழுந்தா, ஸ்டுடியோ பக்கம் வர வேண்டா. இது போனா வேற கிட்டாது."

சேட்டின் மனைவியை எல்லோரும் பென் என்று கூப்பிடுவோம், குஜராத்தியில் அக்கா என்று அர்த்தம். அவருக்கு முழங்கால் வலி. கைபிடித்து நடத்த நானும் போனேன். எண்பத்து மூன்றாம் வருடம், ஜனவரி.

ரயிலில் நான்கு நாள், பிறகு ஜீப். பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைத்திருந்தேன். புல் இருந்தது. எருக்கஞ்செடி இருந்தது, நம் ஊர் ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் அதே எருக்கு. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. குளிர்தான் தாங்கவில்லை. மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியோடு நடுங்கினார்.

"மணி, நீயும் நானும் இப்போ ஒரே மாதிரி ஆடறோம்," என்று சேட்டு சிரித்தார். "படத்தை யாரு எடுக்கிறது?"

நாங்கள் தங்கிய இடத்தில் தண்ணீர் ஒட்டகத்தில் வரும். குடிக்க மட்டும்தான். அந்த வீட்டுக்காரப் பெண் பாத்திரங்களை உலர்ந்த மணலால் தேய்த்துக் காட்டினாள். நானும் அப்படியே தேய்த்தேன். பித்தளை பளபளத்தது. பென்னின் எவர்சில்வர் தட்டில் மட்டும் தலைமுடி போல நூறு கோடுகள். பென் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் அலைந்தும் கானமயில் கண்ணில் படவில்லை. மான்கள் வந்தன. சேட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "முதல்ல அது வரட்டும். மானெல்லாம் பிறகு." கேமரா பையை விட்டு வெளியே வரவே இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "இங்கயும் ஆவி பிடிக்குது, பாத்தியா? எத்தனை துடைச்சாலும் போகல்ல."

நான் எட்டிப் பார்த்தேன். ஆவி இல்லை. தட்டில் விழுந்த அதே கோடுகள். வேட்டி நுனி முழுக்க மணல்.

"மாமா," என்றேன்.

"என்னடீ, சாயாவா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாயா போட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் காலை. அதுதான் கடைசி நாள். வனக்காவலர் எங்களை முள்செடி மறைவில் உட்கார வைத்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். சேட்டு பைனாகுலரைப் பென்னின் தோளில் ஊன்றிக்கொண்டார். "உன் தோள் ஆடுது," என்று கிசுகிசுத்தார். "ஆடறது தோளா?" என்றார் பென்.

பிறகு அது வந்தது. புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்து, உச்சியில் கறுப்புத் தொப்பி. ஆள் இடுப்பு உயரம். அவசரமே இல்லாமல், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாதிரி நடந்து நாற்பதடி தூரத்தில் பக்கவாட்டில் நின்றது. சேட்டின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மாமா லென்ஸின் மூடியைக் கழற்றினார். அப்போது பார்த்து ஒரு காற்று. எங்கள் எல்லோர் மேலும் மணல் விழுந்தது. மாமாவின் கை தானாக இடுப்புக்குப் போய் வேட்டி நுனியைப் பிடித்தது.

எனக்கும் அவருக்கும் நடுவில் பென்னும் சேட்டும் இருந்தார்கள். கை எட்டாது. துணி லென்ஸுக்கு நேரே போய்விட்டது.

"மாமா, தொடைக்காதீங்க!"

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. கானமயில் நான்கு எட்டு ஓடி, பாய்மரம் விரிந்த மாதிரி இறக்கையை விரித்து எழுந்தது. மாமா துணியை விட்டுவிட்டு ஒரே ஒரு முறை அழுத்தினார். அவ்வளவுதான். அது போய்விட்டது.

காவலர் என்னை முறைத்தார். சேட்டு பைனாகுலரை இறக்கிவிட்டு, "ரெண்டு வருஷமா எங்க வீட்டில இருக்கா, இந்தக் குட்டி குரலை நான் கேட்டதே இல்ல," என்றார். "இன்னிக்குத்தான் கேட்கணுமா?"

நான் அழுதேன். மாமா என் பக்கம் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு வேட்டி நுனியைப் பார்த்தார். மூடியை மெதுவாக லென்ஸில் மாட்டினார். "கரையாதேடீ, அழாதே," என்றார்.

மட்டாஞ்சேரிக்கு வந்ததும் முதலாளி லென்ஸை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஊதுபந்தால் இரண்டு முறை ஊதினார். மணல் போனது. கீறல் இல்லை. டார்க்ரூமில் மாமா மருந்துத் தண்ணீர்த் தட்டை ஆட்ட ஆட்ட, தண்ணீருக்கடியில் விரிந்த இறக்கைகள் வந்தன, நீட்டிய கழுத்து வந்தது, கீழே மணலில் அதன் நிழலும் வந்தது. முகம் மட்டும் இல்லை. மணல் விழுந்த அடையாளம் எங்கேயும் தெரியவில்லை.

"முதுகுதான் கிடைச்சிருக்கு," என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சுள்ளிக்கல்ல ஒரு கல்யாணம். நீ போ," என்றார்.

சேட்டு அதை ஆல்பத்தில் ஒட்டவில்லை. அந்தப் பக்கம் இன்னும் காலிதான். படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். என்னிடம் பேசாமலேயே ஒரு மாதம் இருந்தார். பிறகு ஒரு நாள் காயலுக்கு அக்கரையில் பிராட்வேயில் கடை வைத்திருக்கும் வெங்கிடேஸ்வரன் வந்து படத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கே சேட்ஜி. ஆனா ஏன் முதுகைக் காட்டிட்டுப் போகுது?"

"அதை இவகிட்ட கேளுங்க," என்றார் சேட்டு.

நான் சாயாவை மேஜையில் வைத்தேன். நழுவிவிடலாம் என்று திரும்பினால் பென் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் கத்தினேன்," என்றேன்.

வெங்கிடேஸ்வரன் காதருகே கையை வைத்துக்கொண்டார். "எந்தா மோளே, என்ன சொன்னே? கேட்கல்ல."

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.