ஹாரன் வராத ஆட்டம்

ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லை. பள்ளிக்கூட வாசல் முழுக்க சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மூத்தவள் வண்டியைச் சுவரோரமாக நெருக்கிச் செருகினாள். ஸ்டாண்டு இறங்க மறுத்தது. இரண்டாவது முறை உதைத்தபோது கணுக்காலில் பட்டது. வலிக்கிறதா என்று பார்க்க நிற்காமல் உள்ளே நடந்தாள். ஓடிவிடக் கூடாது, ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா சொன்னது கொஞ்சம்தான். "சின்னவளக் கூட்டிட்டு வா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்." சொல்லிவிட்டு அப்பாவின் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அப்பா ஏசி மெக்கானிக். காலையில் ஒரு துணிக்கடையில் ஏணியில் ஏறி நின்றவர், "கொஞ்சம் மயக்கமா வருதே" என்று இறங்கித் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் சரிந்துவிட்டார். கூரியர் ஆபீசிலிருந்து மூத்தவள் விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மத்தியானத்துக்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தாராம். இன்று பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். சின்னவள்தான் கோல்கீப்பர்.

ஊரே மைதானத்தில் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்து மறு பாதி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோல் முன்னால் இருக்கிறோம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது, அவ்வளவு கூச்சல்.

பி.டி. டீச்சர் கோட்டோரம் நின்று, பந்து போகும் பக்கமெல்லாம் தானும் ஓடிக்கொண்டிருந்தார். மூத்தவள் அவர் முழங்கையைத் தொட்டுத் தனியே இழுத்துச் சொன்னாள். டீச்சர் முகத்திலிருந்து ஆட்டம் மொத்தமும் வடிந்துபோனது.

"ஹாரனா? நேத்து சாயங்காலம் கூட வந்து, கோலுக்குப் பின்னாடி எங்க நின்னா வெயில் படாதுன்னு பாத்துட்டுப் போனாரேம்மா..."

மூத்தவள் கோல் பக்கம் பார்த்தாள்.

"சரி. இப்பவே இவள வெளிய எடுத்துடறேன். ஒன்பதாவது பொண்ணு ஒருத்தி இருக்கா, இறக்கிக்கலாம்."

"எடுத்துடுங்க டீச்சர்."

ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் கையுறை மாட்டப் பார்த்தாள். பயத்தில் இரண்டு விரல் ஒரே ஓட்டைக்குள் போயின. அந்த நேரம் பார்த்து எதிரணிப் பெண் ஒருத்தி நடுவிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு வந்து, கண்மூடித் திறப்பதற்குள் அடித்தாள். சின்னவள் பக்கவாட்டில் பாய்ந்தாள். பந்தும் அவளும் சேர்ந்து மண்ணில் உருண்டார்கள். எழுந்தபோது பந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"பல்லி! பல்லி! பல்லி!"

பள்ளிக்கூடம் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் அது. எதில் விழுந்தாலும் ஒட்டிக்கொள்வாள்.

"கொஞ்சம் இருங்க டீச்சர்," என்றாள் மூத்தவள். "முடியட்டும்."

"வீட்ல தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

"தெரியல. முடியட்டும்."

தங்கைக்காகத்தான் அப்படிச் சொன்னாளா, இப்போதே வாயைத் திறந்து சொல்லத் தன்னால் முடியாது என்பதற்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. டீச்சர் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை உட்காரச் சொன்னார். அவளுக்கு உயிர் வந்தது.

நிற்க முடியவில்லை மூத்தவளால். கூட்டத்தை ஒட்டி நடந்தாள், திரும்பினாள், மறுபடியும் நடந்தாள். இந்தக் கூட்டத்தின் நடுவில்தான் அப்பா எப்போதும் இருப்பார். பத்தாவதை மூன்று தடவை எழுதியும் தேறாமல் இங்கிருந்து வெளியே போனவர். ஆனாலும் இந்தப் பள்ளிக்கூடத்தின் ஆட்டம் என்றால் வேலையைப் போட்டது போட்டபடி வந்துவிடுவார். அவர் தொண்டையைத் திறந்தால் அடுத்த தெருவில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். பிள்ளைகள் அதனால்தான் ஹாரன் என்றார்கள்.

"உங்கள ஃபெயிலாக்கின பள்ளிக்கூடத்துக்கா இப்படித் தொண்ட கிழியக் கத்துறீங்க?" என்று மூத்தவள் ஒருமுறை கேட்டாள்.

"ஃபெயிலாக்கினது கணக்கு வாத்தியாரும்மா," என்றார் அப்பா. "பள்ளிக்கூடம் பாவம், என்ன பண்ணுச்சு?"

கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது. அப்பாவின் போன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொடுத்ததை அப்படியே உள்ளே போட்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நாலடி தள்ளி, பிளாஸ்டிக் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற பன்னிரண்டாம் வகுப்புப் பெண் போனைக் காதில் வைத்து, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

"எடுக்கவே மாட்டேங்கிறாரு," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். மூத்தவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா! ஹாரன் எங்கக்கா? அவரு எடுத்துக் குடுத்தாத்தான் எங்களுக்குச் சத்தமே வரும்."

பை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. மூத்தவள் அதை விலாவோடு சேர்த்து இறுக்கினாள்.

"வேலை... வேலையில மாட்டிக்கிட்டாரு."

"இன்னைக்குப் போயா மாட்டணும்! வரட்டும், பேசிக்கிறோம்."

அப்போதுதான் சின்னவள் அக்காவைப் பார்த்துவிட்டாள். கோலுக்குள் நின்றபடியே கையை விரித்து, தாடையை உயர்த்தினாள். அப்பா எங்கே?

மூத்தவளின் கை தானாக உயர்ந்து வாசல் பக்கம் காட்டியது. வண்டியை நிறுத்துகிறார் என்றும் அதற்குப் பொருள் உண்டு. வந்துகொண்டிருக்கிறார் என்றும் உண்டு. சின்னவள் தலையாட்டினாள். உள்ளங்கைகளை உரசிக்கொண்டு குனிந்து நின்றாள்.

அதற்கப்புறம் பந்து மறுபக்கம் போகும்போதெல்லாம் அவள் கண் வாசலுக்குப் போய் வந்தது. அப்படிப் போய் வந்த ஒரு நேரத்தில் கார்னரிலிருந்து வந்த பந்து தலைக்கு மேலாக உள்ளே விழுந்தது. டிரம் சத்தம் நின்றது. கடைசி நிமிஷத்தில் இன்னொன்று. அதை யார் நின்றிருந்தாலும் பிடித்திருக்க முடியாது, விரல் நுனியில் பட்டுத்தான் போனது. ரெஃப்ரி விசில் அடித்ததும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள்.

தோற்றவர்கள் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் கலையவில்லை. டிரம் வைத்திருந்த பெண்தான் முதலில் அடித்தாள், மெதுவாக. பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். "பரவால்ல பல்லி! அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!"

சின்னவள் மண்ணும் கண்ணீருமாக நேரே அக்காவிடம் வந்தாள்.

"என்னாலதான் போச்சு. மொத கோல் பிடிக்க வேண்டிய பந்துக்கா."

"சரி விடு."

"அப்பா உள்ள வந்தாரா?"

மூத்தவள் இல்லையென்று தலையசைத்தாள்.

சின்னவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நல்லவேளை. இதப் பாக்கல."

மூத்தவள் திரும்பி நடந்தபடியே, "வா, போலாம்," என்றாள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில இருக்காரு."

"என்னாச்சு?"

"மயக்கம். வா."

வண்டி கிளம்பியது. சாயத் தொடங்கிய மத்தியான வெயிலில் தெரு வெறிச்சென்றிருந்தது. சின்னவள் நிறுத்தாமல் பேசினாள். சாப்பிடாம போயிருப்பாரு, காலைல நான் கெளம்பறப்போ டீ கூடக் குடிக்கல, கோல் விட்டத நீ சொல்லாத, நானே சொல்றேன், ரெண்டாவது கோல் பரவால்லன்னுதான் சொல்லுவாரு, மொத கோலுக்குத்தான் திட்டுவாரு. மூத்தவள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள்.

மார்க்கெட் திருப்பம் தாண்டியதும் பேச்சு நின்றது.

"அக்கா."

"ம்."

"ஏன் எல்லாரும் நம்ம பின்னாடி வராங்க?"

மூத்தவள் கண்ணாடியைப் பார்த்தாள். டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். தெரு அடைக்கச் சைக்கிள்கள். அதே மண் படிந்த சட்டைகளோடு அணிப் பெண்கள் முன்னால். டிரம் வைத்திருந்த பெண் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் மேல்வகுப்புப் பையன்கள். இத்தனை சைக்கிளில் ஒரு மணிகூட ஒலிக்கவில்லை.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துத் தெருவைப் பார்த்து ஓட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் கையுறையின் பட்டை சர்ரென்று பிரியும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. பிறகு வியர்வையில் ஊறிச் சுருங்கிய இரண்டு வெறுங்கைகள் அவள் இடுப்பைச் சுற்றி வந்து கோத்துக்கொண்டன.

சைக்கிள்கள் பின்தங்கிவிடாதபடி மூத்தவள் வேகத்தைக் குறைத்தாள்.