ஐம்பது கிலோமீட்டரும் ஸ்கெலட்டன் சந்தும்

ஏசுபாதத்துக்குக் காலை ஆறு மணிக்கே எரிச்சல் தொடங்கிவிட்டது. முதுகில் நம்பர் காகிதத்தை மாட்டிக்கொள்ள நாலு ஊக்கு கொடுத்திருந்தார்கள். தன் முதுகில் தானே ஊக்கு குத்திக்கொள்ள மனிதனுக்குக் கை அப்படியா படைக்கப்பட்டிருக்கிறது? மூன்றாவது ஊக்கு சட்டையை விட்டுவிட்டு விரலில் ஏறியது.

"ஃபர்ஸ்ட் ரேஸாண்ணா?" என்று பக்கத்தில் நின்ற தாடிக்காரன் கேட்டான். பெங்களூரிலிருந்து நாலு கூட்டாளிகளோடு காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தவன். பேர் ரூபேஷ்.

"நாப்பத்தேழு வயசுல ஃபர்ஸ்ட் ரேஸ்தான். இன்னா இப்போ?"

"சூப்பர்ண்ணா" என்று சொல்லிவிட்டு அவன் ஏசுபாதத்தின் சைக்கிளைப் பார்த்தான். பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் ஓட்டிக் களைத்து விற்ற ரேஸ் சைக்கிள் அது. வயது தெரியத்தான் செய்யும்.

கோலார் தங்கவயலில் முதல்தடவையாக நடக்கும் சைக்கிள் பந்தயம். புதியவர்களுக்கு ஐம்பது கிலோமீட்டர்: மைதானத்திலிருந்து பூதிகோட்டை வரை போய்த் திரும்பி, ஏசுபாதம் குடியிருக்கும் பாலகாட்டை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்கெலட்டன் தெரு வழியாக மறுபடி மைதானம். ஆறரைக்குப் புறப்பட்டால் எட்டே முக்காலுக்குள் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டவர் எல்லோருக்கும் மெடல். அதற்குப் பிறகு வருகிறவர் வரவே இல்லை என்று அர்த்தம்.

ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் ஏசுபாதத்துக்கு ஆசையில்லை. முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான இருபத்தொரு வருஷத்தில் அவர் ஆரம்பித்தவை ஏராளம். கீபோர்டு வகுப்பு மூன்று மாதம். தபால் வழி பி.காம். முதல் வருஷம். வீட்டு காம்பவுண்டு சுவர் இடுப்பு உயரம். அவர் மனைவி ஐடா சண்டை போடுகிற ரகம் இல்லை, சிரிப்பாள். "ஆரம்பிக்கறதுல நீங்க புலிங்க" என்பாள். அந்தச் சிரிப்புக்குச் சண்டையே தேவலை. சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. அதன்மேல் துணி காயப்போட இடம் இருக்குமா என்று மட்டும் பார்த்தாள்.

பந்தயம் தொடங்கியது. வேகமானவர்கள் பத்தாவது நிமிஷமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள். போகட்டும். பூதிகோட்டை சாலையில் எதிர்காற்று வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஏசுபாதம் குனிந்து மிதித்தார். திரும்பிப் பார்த்தால் ரூபேஷும் நாலு பேரும் அவருடைய பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற மாதிரி சாவகாசமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான், பின்னால் வருகிறவர்களுக்கு பாதி உழைப்பு மிச்சம். இதற்கு டிராஃப்டிங் என்று பெயராம். நியாயப்படி ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வர வேண்டும்.

"யாராவது முன்னாடி வாங்களேம்ப்பா!"

"நீங்க லோக்கல்ண்ணா. ரோடு உங்களுக்குத்தான் தெரியும்" என்றான் ரூபேஷ்.

இருபது கிலோமீட்டர் அவரே காற்றை வாங்கினார். பூதிகோட்டையில் திரும்பும் இடத்தில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்து, கடைசி ஆடு நடுச்சாலையில் நின்று யோசித்தது. அதற்கு ஒரு நிமிஷம். செயின் ஒருதரம் கழன்றது. அதற்கு மூன்று நிமிஷம். அந்த ஐந்து பேரும் அப்போதும் முந்திப் போகவில்லை. மரியாதையாக நின்று காத்திருந்தார்கள். இவருக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

பாலகாட்டுக்குள் நுழையும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி தாண்டி ஐந்து நிமிஷம். மிச்சம் ஒன்பது கிலோமீட்டர், நாற்பது நிமிஷம். போய்விடலாம், ஆனால் நேரமாகிறது, நேரமாகிறது என்று மனசு அடித்துக்கொண்டது.

கெடுத்தது அந்த 'நேரமாகிறது'தான். இருபத்திரண்டு வருஷமாக ஏசுபாதம் பாலகாட்டு வீட்டிலிருந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறவர். தினமும் விடிகாலையில் கடிகாரத்தைப் பார்ப்பார், நேரமாகியிருக்கும், மூடிக்கிடக்கிற சுரங்க ஷாஃப்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்கூட்டரைத் திருப்புவார். சந்தில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் ஸ்கெலட்டன். சாலையில் சுற்றிப் போனால் ஏழு. பாலகாட்டில் யாரும் சுற்றிப் போவதில்லை. சுற்றிப் போகிறவனை வெளியூர்க்காரன் என்பார்கள். அன்றும் கடிகாரத்தைப் பார்த்தார், நேரமாகியிருந்தது, கை தானாகத் திருப்பிவிட்டது. நேராகப் போகச் சொல்லும் அம்புக்குறி கதவளவுக்கு அங்கே நின்றிருந்தது. சொந்த ஊரில் அம்புக்குறியை யார் பார்க்கிறார்கள்? பின்னால் ஐந்து பேரும் நம்பிக்கையோடு திரும்பினார்கள்.

சந்து முடிந்து ஸ்கெலட்டன் தெருவில் ஏறியதும் பெரிய கூச்சல் கேட்டது. காலை ஆராதனை முடிந்து சபை ஜனம் மொத்தமும் தெருவோரம் நின்றிருந்தது.

"முதல்ல வர்றது நம்ம ஏசுபாதம்டா!" என்று லாய்ட் மாஸ்டர் கத்தினார். பாடகர் குழுவை நடத்துகிறவர். தொண்டை கேட்கவா வேண்டும். யாரோ விசில் அடித்தார்கள். கூட்டத்தின் நடுவில் ஐடா, ஞாயிற்றுக்கிழமைப் புடவையில், பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஜெனிட்டாவின் கையைப் பிடித்தபடி குதித்துக்கொண்டிருந்தாள். ஐடா குதித்து அவர் பார்த்ததே இல்லை.

முதலிலா? எப்படி முதலில்? வேகமாகப் போன அத்தனை பேரும் எங்கே? அப்போதுதான் ஏசுபாதத்துக்குத் தான் சந்தில் திரும்பியது உறைத்தது. பிரேக்கைப் பிடித்தார்.

"ஏண்ணா நிக்கறீங்க?" என்றான் ரூபேஷ்.

"சுத்து விட்டுப்போச்சுப்பா. தப்பு என்னுது. திரும்பிப் போய்ச் சுத்திகினு வரணும்."

ரூபேஷ் மற்ற நாலு பேரைப் பார்த்தான். பிறகு, "நாங்க உங்கள ஃபாலோ பண்ணோம், அவ்ளோதாண்ணா" என்று சொல்லிவிட்டு மிதித்தான். இரண்டு மணி நேரத்தில் முதல்முறையாக அவன் முன்னால் போனான். நாலு பேரும் அவன் பின்னால் போனார்கள்.

ஏசுபாதம் சைக்கிளைத் திருப்பினார். விசில் பாதியில் நின்றது.

"எங்க போறீங்க? மைதானம் அந்தாண்ட கீது!" என்று ஐடா ஓடி வந்தாள்.

"பாலகாட்ட சுத்தாம வந்துட்டேன் ஐடா."

"யாருக்குத் தெரியும்? போங்க! எல்லாரும் பாக்கறாங்க, போங்கன்றேன்!"

அவர் போனார், வந்த வழியே. பின்னால் யாரோ, "பைத்தியமாடா இவனுக்கு?" என்று கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

எட்டு பன்னிரண்டு. இன்னும் முடிக்கலாம் என்று பல்லைக் கடித்து மிதித்தார். சந்தின் பாதியில் பின்சக்கரம் உஸ்ஸென்றது. கருவேல முள். தினமும் ஸ்கூட்டர் டயர் அலட்சியமாக மிதித்துப் போகிற அதே முள்தான். கர்த்தரைக் கூப்பிட்டார், கூப்பிட்ட தொனி ஜெபம் மாதிரி இல்லை. டியூப் மாற்றுவதை வீட்டில் ஒருதரம், ஃபேனுக்கு அடியில், வீடியோ பார்த்துப் பழகியிருந்தார். இங்கே வெயில், வழுக்குகிற கை, ரிம்முக்குள் நுழைய மறுக்கிற டயர். இருபத்தைந்து நிமிஷம். கடைசியில் டயர் உள்ளே போனபோது அவர் அழுதுகொண்டிருந்தார், ஆத்திரத்தில்.

பாலகாட்டுச் சாலையில் சுற்றத் தொடங்கியபோது எட்டே முக்கால் ஆகிவிட்டது. பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி பக்கத்தில் வந்தது. "சார், டைம் ஆய்த்து. ஏறிக்கோங்க" என்றான் டிரைவர்.

"வேணாம்."

"மெடல் கிடைக்காது சார். சும்மா எதுக்கு மிதிக்கறீங்க?"

நியாயமான கேள்வி. அது நியாயமாக இருந்த கோபத்தில் ஏசுபாதம் இன்னும் வேகமாக மிதித்தார். கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு வண்டி போய்விட்டது.

மைதானத்துக்கு வந்தபோது மணி ஒன்பது ஏழு. முடிவுக் கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தரையில் போட்ட வெள்ளைக் கோட்டை மட்டும் யாராலும் சுருட்ட முடியவில்லை. அதன்மேல் ஏறி நிறுத்தினார். ஒரு பெண் வந்து முதுகிலிருந்த நம்பரைப் பார்த்தாள்.

"சாரி சார். உங்க பேரு முடிக்காதவங்க லிஸ்ட்ல போயிடுச்சு."

முடிக்காதவங்க. அவள் தெரிந்து சொல்லவில்லை, பாவம்.

சபை ஜனம் எல்லாம் போய்விட்டிருந்தது. ஐடா மட்டும் பைபிளை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த அஞ்சு பேருக்கும் மெடல் போட்டாங்க. தாடிக்காரன் மூணாவதாம். கைதட்டச் சொன்னாங்க. நான் தட்டல."

ஏசுபாதம் இறங்கினார்.

"சுத்துனீங்களா?"

"சுத்தினேன்."

"முழுசாவா?"

"முழுசா. வீணாப்போன மூணையும் சேத்து அம்பத்து மூணு கிலோமீட்டர்."

ஐடா பைபிளைக் கீழே இறக்கினாள். "இருபத்தொரு வருஷத்துல ஒரே ஒருவாட்டி, எம்புருஷன் முதல்ல வர்றாருன்னு குதிச்சேன். எல்லாரும் பாத்தாங்க. நீங்க திரும்பிப் போறதையும் எல்லாரும் பாத்தாங்க. பாதியில வுட்டுட்டு ஓடிட்டாருன்னு ஊரே பேசிகினு போவுது."

"அப்படியே போயிருந்தா அது முடிச்சதா ஆவாது ஐடா."

"தெரியுதுங்க" என்றாள். "எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியுது. அதான் வயிறு எரியுது."