முடிஞ்சதும் எழுப்பு

ப்ளக்கைப் பிடுங்கப் போன கொழுந்தனின் கையை அவள் பட்டென்று தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க."

கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். படுக்கையறைக் கட்டிலில் அவள் புருஷன் இறந்து கிடந்தார். வெளியூரிலிருந்து மகள் வந்துசேர நாளைக் காலை ஆகும். அதுவரைக்குமான குளிர்பெட்டி, படுக்கையறை வாசலில் நுழையாமல் கூடத்தின் நடுவில் கிடந்தது. கூடத்தில் வேலை செய்கிற சாக்கெட் ஒன்றே ஒன்றுதான்; அதில் அவள் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்த மனுஷன், தன் வீட்டு சாக்கெட்டை மட்டும் 'அடுத்த ஞாயிறு' என்றே தள்ளிக்கொண்டு வந்தார்.

"எக்ஸ்டென்ஷன்ல போட்டுக்கலாமேப்பா?" என்றார் கொழுந்தன், பெட்டிக்காரரிடம்.

"ஒயர் உருகிடும் சார். நேரா சுவர்லதான் போடணும்."

"அண்ணி, லேப்டாப்பை அப்புறம் போட்டுக்குங்களேன்."

"பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு. இப்ப நடுவுல அணைஞ்சா உள்ள இருக்கிறது மொத்தமும் போயிடும்."

திரையில் நீலக்கோடு எழுபத்திரண்டு சதவீதத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

பள்ளிச் சீருடைகளுக்கு மெஷினில் சின்னம் தைப்பது அவள் வேலை. பதினோரு வருஷத்து டிசைன்கள் அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும். நெஞ்சு வலிக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்த அவருக்கோ, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. இன்று காலையில்தான், இரண்டும் ஒன்றிலேயே ஓடும்படி லேப்டாப்பின் டிஸ்க்கைப் பிரிக்க உட்கார்ந்தார்.

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். நடுவுல சுவர். உன் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"குறட்டை மட்டும் இந்தப் பக்கம் வரும்."

"பாதி உனக்கு, பாதி எனக்கு."

"பாதியா? என் டிசைனெல்லாம் தெருவுல போய்ப் படுக்கவா? சரி, அதுக்கெல்லாம் ஒரு காப்பி எடுத்து வெச்சீங்களா?"

"வீட்டுல இருக்கிறது ஒரே பென்டிரைவ். அதுலதான் லினக்ஸை ஏத்தியிருக்கேன்."

அவள் திட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டார். "நாலஞ்சு மணி நேரம் ஆகும். ப்ளக்கைத் தொட்டுடாதே. நான் கொஞ்சம் படுக்கிறேன், முடிஞ்சதும் எழுப்பு."

ஒரு மணிக்குச் சாப்பிட எழுப்பப் போனாள். எழவில்லை.

"அண்ணன் செத்துக் கிடக்கிறாரு," கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கீங்க. நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நாளையிலேர்ந்து அந்த நாலு பேரா எனக்குச் சோறு போடப்போறாங்க?"

பெட்டிக்காரர் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல ஒருதரம் பாதியில கரண்ட் போச்சு. போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல," என்றார். "உடம்பு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்மா. நான் நிக்கிறேன்."

கொழுந்தன் வாசலுக்குப் போய்விட்டார். அவள் சாக்கெட்டுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அங்கேயே குனிந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எண்பது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றொன்பதில் வெகுநேரம் நின்றது.

நாலு மணிக்குக் கோடு நிரம்பியது. டிஸ்க்கின் படம் ஒரு நீளப் பட்டையாக வந்தது. இடமிருந்து வலமாக ஏறக்குறைய முழுவதும் அவள் பக்கம். கடைசியில் விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் கட்டம், வெறுமையாக இருந்தது. பாதி என்று அடம்பிடித்தவர் தனக்கென்று எடுத்தது அவ்வளவுதான்.

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கட்டிலருகே சிறிது நேரம் நின்றாள். திரும்பி வந்து லேப்டாப்பை முறையாக அணைத்தாள், பென்டிரைவை உருவினாள், ப்ளக்கைத் தானே பிடுங்கினாள்.

"போட்டுக்குங்க."

பெட்டியின் மோட்டார் முனகத் தொடங்கியது. நாலு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். மூடிய கைக்குள் பென்டிரைவ் இன்னும் சூடாக இருந்தது.