டிசம்பருக்கு இருபத்திரண்டு

நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது என் பெஞ்சைக் காணோம். பதினோரு வருஷம் உட்கார்ந்த பெஞ்சு. சுவரோரம் அது கிடந்த இடத்தில் நான்கு கால் தடமும் கொஞ்சம் ஒட்டடையும்தான் மிச்சம். எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்து வாட்ச்மேன் அம்மாவாசையைப் பிடித்துக் கத்தினேன். அவன் உள்ளறையைக் கண்ணால் காட்டினான். புதிதாக வந்த ஆபீசர் கதவருகே நின்று கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பெஞ்சு இருந்தா உக்காருவே. உக்காந்தா நேரம் போகும். நேரம்ங்கிறது கவர்ன்மென்ட் சொத்து பலராமன், அதைத் திருடக்கூடாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

புதுச்சேரியில் பியூனைப் பிளாந்தோன் என்போம், குமாஸ்தா ஐயாவை முசே என்போம். நான் பிறப்பு இறப்புப் பதியும் ஒரு கிளை அலுவலகத்தில் பிளாந்தோன். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகியும் பதிவெல்லாம் பிரெஞ்சில்தான், முறையெல்லாம் பழைய முறைதான். புதிதாக வந்தது பயம் மட்டும். யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பழைய ஆட்கள் எல்லோரும் தாற்காலிகம் என்று ஒரு தாள் வந்திருந்தது. அந்தத் தாளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. என் சம்பளத்தில் என்னோடு சாப்பிட்டது என் அண்ணி செல்வாம்பாள். அண்ணன் கலியபெருமாள் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோனுக்குச் சண்டைக்குப் போனவன். ஆறு வருஷமாகக் கடிதம் இல்லை. நான் சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் அண்ணி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, காயிதம் எதனா வந்துச்சா?" பிரெஞ்சுக் காகிதமெல்லாம் நான் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் வரும் என்பது அவள் கணக்கு. இல்லை அண்ணி என்பேன். சரி என்று சோறு போடுவாள்.

பெஞ்சோடு விட்டாரா ஆபீசர்? எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்தார். அரை மணிக்கு ஒரு வரி, என்ன வேலை செய்தோம் என்று எழுத வேண்டும். இறப்புப் பதிவு எழுதும் தெய்வசிகாமணி முசே தலையில்தான் அது இடியாக விழுந்தது. மனுஷன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் சாவு என்ன, பால்காரன் மாதிரி நேரத்துக்கு வருமா? ஒரு நாள் மூன்று வரும், நாலு நாள் ஒன்றும் வராது. முதல் நாள் அவர் உள்ளதை உள்ளபடி, 'ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: சாவுக்குக் காத்திருந்தேன்' என்று எழுதிவிட்டார். ஆபீசர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'காத்திருப்பது வேலை அல்ல' என்று பக்கத்தில் எழுதித் திருப்பினார். முசே அன்று முழுவதும் வெற்றிலை போடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு சாவுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக்கு மேல் ஒரே வாசகம்தான்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு, டிசம்பர் மாதம், இத்தனாம் தேதி, எங்கள் முன்னிலையில், இறந்தவரை நேரில் அறிந்த சாட்சிகள் இருவர் வந்து, இன்னார் தம் இல்லத்தில் காலமானார் என்று சொல்ல... இதை இரண்டு பதிவேட்டில் இரண்டு தரம் எழுத வேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் இந்த வாசகத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால்? பேர், வயசு, விலாசம், தேதி, மணி மட்டும் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். போன டிசம்பரில் எத்தனை, அதற்கு முந்தின டிசம்பரில் எத்தனை என்று புரட்டிப் பார்த்தார். இருபத்து மூன்று, இருபத்தொன்று.

"இருவத்திரண்டு போட்டுருவோம்டா" என்றார். தீபாவளிக்கு எத்தனை முறுக்கு சுடுவது என்று வீட்டில் சொல்வார்களே, அப்படிச் சொன்னார்.

சாட்சிகள் யார்? எப்போதும் நானும் அம்மாவாசையும்தான். இறந்தவன் வீட்டார் அழுதுகொண்டு வந்து நிற்பார்கள், அவர்களை எங்கே கையெழுத்துப் போடச் சொல்வது? ஆகவே நவம்பர் கடைசி வாரத்தில் முசே என்னைக் கூப்பிட்டார். "சும்மாதானே நிக்கிறே? வந்து போட்டுட்டுப் போ. அப்புறம் உன்னைத் தேடிக்கிட்டு அலைய முடியாது." நானும் போட்டேன். எனக்குப் பிரெஞ்சில் என் பேர் மட்டும் எழுத வரும். இருபத்திரண்டு பக்கம், இரண்டு பதிவேடு, நாற்பத்து நாலு கையெழுத்து. பேர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் போட்டேன். வேலை செய்கிற மாதிரி இருந்தது, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் முசேவுக்கு ராஜயோகம். இருபது நிமிஷ வேலையை ஐந்து நிமிஷத்தில் முடித்தார். ஆபீசர் மற்றவர்களைக் கூப்பிட்டு அவரைக் காட்டினார். எனக்கும் ஒரு புது வேலை கொடுத்தார். பதிவு முடிந்த அன்றே அதன் நகலை உறையில் போட்டு நான் இறந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பட்டுவாடா நோட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். "கால் இருக்குல்ல? நட" என்றார். நடந்தேன்.

இருபதாம் தேதி முசே என்னைப் பதிவேட்டறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது. "ஒம்போதுதாண்டா ஆயிருக்கு" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த வருஷம் மழை குறைவு, காய்ச்சல் வரவில்லை. ஊர் நன்றாக இருந்தது. நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அறிவு கெட்டவனே, பதிமூணு பக்கம் சாட்சிக் கையெழுத்தோட வெறுமனே நிக்குது. ஒவ்வொரு பக்கத்திலயும் நம்பர் இருக்கு, ஜட்ஜு கையெழுத்து இருக்கு. கிழிக்க முடியாது, அடிக்க முடியாது. முப்பத்தொண்ணாந் தேதி நாலு மணிக்கு ஆபீசரே வந்து வருசக் கணக்கை மூடுவாரு. பேரில்லாத சாவுக்கு நீ சாட்சி போட்டிருக்கே. இது இன்னான்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

போன மாதம்தான் வேறொரு இடத்தில் பென்ஷனுக்குப் பொய்ப் பத்திரம் எழுதிக் கொடுத்தான் என்று ஒருவனைக் கைவிலங்கு போட்டுக் கடைத்தெரு வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். நானே பார்த்தேன். அவன் பெண்டாட்டி பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடினாள். எனக்கு அண்ணியின் பாதம் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து நான் சாவைத் தேடிப் போனேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொல்வது? குப்பத்தில் சிசு இறந்தால் யாரும் வந்து பதிவதில்லை. மணலில் புதைத்துவிட்டு மறுநாள் கடலுக்குப் போய்விடுவார்கள். அந்த மாதம் போனவர்களை வீடு வீடாகக் கேட்டேன். ஒரு தாய், "எங்கொழந்தைக்கு நாங்க பேரே வெக்கலையே, இன்னா எளுதுவே?" என்றாள். முசே ஒரு பேர் வைத்து எழுதிக்கொண்டார். பத்து நாளில் தானாக வந்தது ஐந்து, நான் கொண்டுவந்தது ஏழு. ஆபீசர் என் முதுகில் தட்டி, "பாத்தியா, பெஞ்சை எடுத்தப்புறம் எவ்வளவு வேலை நடக்குது" என்றார். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

தெருவில் நடக்கும்போது இருமுகிறவர்களை நின்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கிழவர்களின் கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அண்ணி ஒரு நாள் தும்மினாள், நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் ஒரு பக்கம் மிச்சம்.

எங்கள் பதிவேடுகளுக்கெல்லாம் அட்டை கட்டிய ஹிதாயத்துல்லா பாய் பத்து நாளாகப் படுக்கையில் இருந்தார். முந்தின நாள் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். எட்டு மணிக்கே போய் வாசலில் நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். அவர் மகள் ஷரீபா கதவைத் திறந்து, "வாங்கண்ணே, அத்தா எழுந்து உக்காந்துட்டாங்க" என்றாள். பாய் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆபீஸ்லேர்ந்து நீ ஒருத்தன்தாம்பா பாக்க வந்தே. அல்லா ஒனக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கணும்."

எனக்கு அந்தக் கிழவர்மேல் வந்த ஆத்திரத்தை எந்தச் சாமியிடம் சொல்லி அழுவேன்? ஷரீபா கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு முசே கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனாவின் மை காய்ந்துவிட்டது. திரும்பத் தொட்டார். அதுவும் காய்ந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உங்க அண்ணன்கிட்டேர்ந்து காயிதம் வந்து எத்தினி வருசம் ஆவுது?"

கேள்வி புரிந்தது. புரியாத மாதிரி நிற்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. "ஆறு" என்றேன்.

"அந்தச் சண்டையில போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? நான் ஒண்ணும் புதுசா சொல்லலையே. நகலை உன் கையிலதானே குடுப்பேன், கிழிச்சுக் கொல்லையில போட்டுடு. வூட்டுக்கே தெரியாது." அவர் குரல் கெஞ்சியது. அவருக்கு நாலு பெண்கள். "பேரு சொல்லுடா. மணி மூணேகால்."

சொன்னேன். எனக்கு ஐந்து வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடல் பார்க்கப் போனவன் பேரை, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னேன். வயசு நாற்பத்திரண்டு. இல்லம், எங்கள் இல்லம். மணி, காலை பத்து. காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருப்பாள். கையெழுத்துப் போடுவதற்குக் குனிந்தேன். கீழே பார்த்தால் அது ஏற்கெனவே இருந்தது. நவம்பரிலேயே போட்டுவிட்டேனே.

நாலு மணிக்கு ஆபீசர் வந்தார். பக்கங்களைப் புரட்டிக் கடைசி வரியை எழுதி மூடினார். "ஒரு பக்கம் வீணாகலை. இப்படித்தான் இருக்கணும்" என்றார். முசே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நானும் மூச்சு விட்டேன். அப்போது அவர் பட்டுவாடா நோட்டை எடுத்து விரலால் எண்ணினார்.

"பதிவு இருபத்திரண்டு. பட்டுவாடா இருபத்தொண்ணு. இன்னும் ஒண்ணு இருக்கே? உறை எங்கே?" முசே அவசர அவசரமாக நகல் எழுதி, என்னிடம் கேட்டு உறைமேல் அண்ணி பேரைப் போட்டார், மை சிந்தியது. ஆபீசர் விலாசத்தைப் பார்த்தார். பக்கம்தான், அது என் வீடு என்று அவருக்குத் தெரியாது. "பத்து நிமிஷ நடை. குடுத்துட்டு, கையெழுத்தோட நோட்டு காலையில என் மேசையில இருக்கணும்."

அதுவரை நான் கொண்டுபோன உறையெல்லாம் சாவு தெரிந்த வீடுகளுக்கு. எங்கள் தெரு முனைக்குப் போனேன். அங்கே ஒரு வேப்பமரம். அதன் வேரில் உட்கார்ந்து உறையை மடியில் வைத்து நோட்டை விரித்தேன். அண்ணி கையெழுத்தை நானே இடது கையால் போட்டுவிட்டு உறையைக் கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக அதுதான் எண்ணம். பென்சிலை எடுத்தேன்.

"இன்னா தம்பி, இன்னிக்கு சீக்கிரமா வந்துட்டே?"

அண்ணி. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இடுப்பில் குடத்தோடு நின்றாள். என் மடியைப் பார்த்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் சைகோனிலிருந்து வந்த ஒவ்வொரு உறையிலும் தன் பேர் எப்படி இருக்கும் என்பது தெரியும். பாம்பு போல வளைந்த முதல் எழுத்து, அப்புறம் இரண்டு குச்சி சேர்ந்தாற்போல ஒன்று. அதையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டி, மாதம் ஒரு தரம் எடுத்துத் தடவிப் பார்ப்பவள்.

"தம்பி, இது எம்பேருதானே?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை.

குடத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் தளும்பி அவள் கால்மேல் கொட்டியது, அவளுக்குத் தெரியவில்லை. "எனக்குத் தெரியும்... தெரியும் தம்பி, மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். உறையைத் தொட வந்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "கையெல்லாம் ஈரம். இந்த நோட்டுல கையெழுத்துப் போடணுமா? இரு, தோ வந்துட்டேன்" என்று குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

நான் எழுந்து போய் எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே கொல்லைப்பக்கம் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. கை கழுவ இவ்வளவு நேரமா என்று தோன்றியது. தெருவில் எவனோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனான். ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அண்ணி முகம் கழுவி, தலையைக் கோதி முடிந்துகொண்டு வெளியே வந்தாள். நெற்றியில் புதிதாக வைத்த குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. முந்தானையில் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுப் பென்சிலுக்குக் கையை நீட்டினாள்.

"எங்க தம்பி போடணும்?" என்றாள்.