அத்தை பின்னால் பறந்த கணக்கு

விமானம் பின்னால் பறக்காது என்று சொல்பவர்கள் எல்லோரும் தரையில் நின்றுகொண்டு சொல்பவர்கள். நான் மேலே இருந்தவன், சொல்கிறேன்: பறக்கும். அன்று கீழே ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. எதிர்காற்றில் முக்கி முனகி அதைத் தாண்டினேன். காற்று இன்னும் கொஞ்சம் வலுத்தது. அதே மாடு மறுபடி என்னைத் தாண்டியது. மாடு ஓரடிகூட நகரவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எங்கள் விமானம் மரத்தாலும் கம்பியாலும் துணியாலும் ஆனது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, தலைக்குமேல் கூரை கிடையாது. வேகம் என்றால் அதற்கு வேப்பங்காய். விமானம் மெதுவாகப் போகிறது, காற்று அதைவிட வேகமாக எதிரே வருகிறது என்றால், காற்று ஜெயிக்கும். மூக்கு முன்னால் பார்த்திருக்கும், உடம்பு பின்னால் போகும். பறக்கும் கிளப்பில் அதற்கு 'அத்தை' என்று பெயர். எதைச் சொன்னாலும் முதலில் முனகும், பிறகு தன் இஷ்டப்படி செய்யும்.

நான் பின்னால் பறந்ததைப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் என் மச்சான், என் மனைவியின் தம்பி. அத்தையின் மெக்கானிக். அந்த நேரம் பார்த்து அவர் கொட்டகைக்குள் மேஜைக்கு அடியில் ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். தான் பார்க்காதது நடக்கவில்லை என்பது அவருடைய சித்தாந்தம். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் என்னை, "இவர்தான் பின்னால பறந்தவர்" என்றுதான் அறிமுகம் செய்வார். பந்தியில் என் இலைக்கு மட்டும் இனிப்பு கடைசியாக வரும். பின்னாலிருந்து பரிமாறுகிறார்களாம்.

பிறகு டாக்டர் ஒருவர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பறக்கக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வெடுங்கள் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலிக்கு எதிரே என் மருமகள் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றோடு ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள், முழங்காலுக்கு நடுவே ஒரு கட்டுப்பாட்டுக் கம்பை நட்டாள். டாக்டர் பேச்சை நான் இன்றுவரை மீறவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பறக்கிறேன்.

மருமகள் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். மேலும் கீழுமாகவே போய் அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டாள். அந்தப் பறக்கும் விளையாட்டில் பெரிய ஜெட் எல்லாம் இருந்தது, அத்தை இல்லை. அதில் சேர்த்துக்கொள்ளும்படி அத்தையை நாமே செய்துவிடலாம் என்று கிளம்பினாள். வீட்டில் ஒரு அத்தை, கொட்டகையில் ஒரு அத்தை. கொட்டகை அத்தையாவது கணக்குக்குக் கட்டுப்படுவாள் என்று நினைத்திருப்பாள்.

அவள் ஒரே ஒரு விதி வைத்தாள். "மாமா, கதை ஒண்ணும் உள்ள வரக்கூடாது. அளந்தது மட்டும்தான் வரும்."

ஆகவே அளந்தோம். இறக்கையின் வளைவை அட்டை வெட்டி எடுத்தோம். கம்பிகளின் இழுப்பைத் தராசு மாட்டிப் பார்த்தோம். எஞ்சின் சத்தத்தைப் பதிவுசெய்ய, காற்று இரையாமல் இருக்க மைக்கை மச்சானின் காலுறைக்குள் போட்டோம். அந்த மைக் அதற்குப் பிறகு வேறு எந்த வேலைக்கும் சரிப்படவில்லை. கடைசியில் சக்கரங்களுக்கும் வாலுக்கும் கீழே எடைமேடை வைத்து அத்தையை எடை போட்டோம்.

எல்லா எண்ணையும் உள்ளே போட்ட பிறகு ஒரு நாள் மருமகள் விளையாட்டில் புயல்காற்றை வரவழைத்து, அத்தையை அதற்கு நேர் எதிரே நிறுத்தி, எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தாள். திரையில் கீழே இருந்த ஓடுபாதை நின்றது. பிறகு மெல்ல முன்னால் நழுவ ஆரம்பித்தது. மருமகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மாமா, இதை நான் போடலை."

"தெரியும்மா."

"நீங்களும் போடலையே?"

"எனக்கு என் பேரை டைப் அடிக்கவே ஒரு காலைப்பொழுது வேணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. அது எனக்குப் பழக்கமில்லாததால் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மரியாதை நீடிக்கவில்லை. அந்த விளையாட்டுக்காரர்களே இந்த மாதிரி விமானங்களை விற்கும் இணையக் கடைக்கு அத்தையை அனுப்பினோம். கடையின் சோதனைக்காரர் ஒரே வரியில் திருப்பினார்: விமானம் பின்னோக்கிப் பறக்கிறது, இந்தக் குறையை நீக்கினால்தான் விற்பனைக்கு வைப்போம்.

என் மகன் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருப்பவன். மழை வருமுன்பே நனைந்துவிடுவான். பின்னால் போகாமல் ஒரு தடுப்பு எழுதிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். மச்சானோ வந்து என் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு, "முகம் தெரியாத கடைக்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு மச்சான், உங்க புளுகு" என்றார்.

தடுப்பு போட்டால் அத்தை கடைக்குப் போகும். நான் சாகிறவரை புளுகன். போடாவிட்டால் மருமகள் வேலையை விட்டு உழைத்ததெல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"தடுப்பு போட மாட்டேன். ஆனா எல்லாத்தையும் மறுபடி அளப்பேன். எண் தப்புன்னா மாத்திடுவேன். அதோட உங்க மாடும் போயிடும் மாமா. சம்மதமா?"

சம்மதம் என்று வாய் சொன்னது.

மறுபடி கொட்டகை. வளைவு சரி, நீளம் சரி, கம்பி சரி. எடைக்கு வந்தோம். எடை போடும்போது விமானம் பறக்கிற மாதிரியே கிடைமட்டமாக இருக்க வேண்டும், அதற்காக வாலைத் தூக்கி முட்டுக்கொடுப்போம். மச்சான் வழக்கம்போல் முன் இருக்கையில் ஏறி, மட்டப்பலகையைப் பார்த்து, "சரி, எழுதிக்கோ" என்றார். மடியில் சாப்பாட்டு அடுக்கு.

மருமகள் எழுதவில்லை.

"சித்தப்பா, போன தடவையும் அங்கதான் உக்காந்திருந்தீங்களா?"

"வேற எங்க உக்காருவேன்? மட்டம் பார்க்க ஆள் வேணாமா?"

"நான் எடை எழுதறப்போ?"

"எழுதினது நீ. நான் உள்ள இருந்தேன்."

"ஆமா," என்றாள் அவள். "உள்ளதான் இருந்திருக்கீங்க."

மச்சான் அந்த இருக்கையில் உட்காராமல் நாங்கள் அத்தையைப் பார்த்ததே இல்லை. கதவின் கைப்பிடி போல அவரும் விமானத்தில் சேர்ந்ததுதான் என்று மூன்று பேருமே நினைத்துவிட்டோம். காலி விமானத்தின் எடை என்று நாங்கள் போட்டிருந்ததில் மச்சானும் இருந்தார், அவர் சாப்பாடும் இருந்தது. அவரும் சின்ன ஆள் இல்லை. அவர் சைக்கிள் ஏறினால் சைக்கிள்தான் முதலில் மூச்சுவாங்கும்.

தப்பு கிடைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். மாடு மேய்ச்சலை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவது தெரிந்தது.

மருமகள் மச்சானைக் கீழே இறக்கினாள், கணக்கிலிருந்தும் இறக்கினாள். வீட்டுக்கு வந்து அதே புயலில் அத்தையை நிறுத்தினாள். கனமான விமானம் விழாமல் இருக்க வேகமாகப் போயாக வேண்டும்; கனம் குறைந்தால் இன்னும் மெதுவாகப் போனாலும் காற்றில் நிற்கும். அத்தை இப்போது முன்னைவிட மெதுவாகப் போனாள். அதாவது முன்னைவிட வேகமாகப் பின்னால் போனாள். ஓடுபாதை முழுவதையும் முதுகாலேயே தாண்டினாள். இத்தனை காலமாக என் உண்மையை அமுக்கிக்கொண்டிருந்தது மச்சானுடைய வாய் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருமகள் கடைக்கு எழுதினாள்: "நீங்கள் சொன்னபடி சோதித்தோம். ஒரு தவறு இருந்தது, திருத்திவிட்டோம். இப்போது இன்னும் நன்றாகப் பின்னால் பறக்கும்."

சோதனைக்காரர் வீடியோவில் வந்தார். சாதுவான ஆள். வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்கள், பின்னால் போகாமல் நிறுத்த ஒரு பொத்தானாவது வையுங்கள் என்று கேட்டார்.

"விமானம் எங்களது, காத்து உங்க விளையாட்டோடது," என்றாள் மருமகள். "என் எண்ல ஒண்ணைக் காட்டி இது தப்புன்னு சொல்லுங்க, இப்பவே மாத்தறேன். எண்ணெல்லாம் சரி, முடிவுதான் பிடிக்கலைன்னா, அதுக்கு என்கிட்ட பொத்தான் கிடையாது."

நான் தலையை நீட்டி, தம்பி ஆற்றில் எதிர்த்து நீந்தியதுண்டா என்று விசாரித்தேன். ஒரு முறை நீந்தினாராம். கையும் காலும் அடித்தபடியே படித்துறையை விட்டுப் பின்னால் போய்விட்டாராம்.

"அப்ப ஆத்துக்குக் கடிதாசி போட்டீங்களா, குறையை நீக்கச் சொல்லி?"

அத்தை கடைக்குப் போனாள், பொத்தான் இல்லாமல். கடைக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்காக, எச்சரிக்கை, இந்த விமானம் பின்னோக்கியும் பறக்கும் என்று சிவப்பில் போட்டார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாங்கினார்கள். முன்னால் பறக்கத் தெரியாதவர்கள்கூட இப்போது பின்னால் பறக்கிறார்கள். மருமகள் தன் விதியை ஒரே ஒரு இடத்தில் மீறியிருக்கிறாள். ஓடுபாதை ஓரமாக ஒரு மாடு. அதை யாரும் அளக்கவில்லை.

போன கல்யாணத்தில் மச்சான் என்னைப் 'பின்னால் பறந்தவர்' என்று சொல்லவில்லை. "நாங்க பின்னால பறந்தப்போ" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு முன் இருக்கையில் அவரும் இருந்தாராம், மாட்டை முதலில் பார்த்ததே அவர்தானாம். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து, நிஜமா என்றார்கள்.

இல்லை என்றேன். அவர் இருந்திருந்தால் அவ்வளவு வேகமாகப் பின்னால் போயிருக்க முடியாது. கணக்கு இருக்கிறது.